காலி இடத்தில் கிடந்தது

கணினியில் காலி இடம் என்று எதுவும் கிடையாது. காலி என்று குறித்துவைக்கப்பட்ட இடம் மட்டும்தான் உண்டு. ஒரு ஃபைலை நீங்கள் அழித்தால், அது இருந்த இடம் ‘இனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்’ என்ற பட்டியலில் சேரும், அவ்வளவுதான். உள்ளே இருந்த எழுத்துகள் அப்படியே கிடக்கும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் பரண்மேல் எதையாவது விட்டுவிட்டுத்தானே போகிறார்கள்? அடுத்த குடித்தனம் வருவதற்குமுன் கூட்டிப் பெருக்கி, வெள்ளையடித்துத் தரவேண்டியது வீட்டுக்காரர் பாடு. கணினியில் அந்த வீட்டுக்காரர், இயங்குதளம். அவர் பெருக்க மறந்த கதைகள் நிறைய இருக்கின்றன.

முதலில் மறக்காத கதை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி, ரட் கனடே ஆகிய மூவரும் ஒரு ஃபைல் சிஸ்டத்துக்கான வரைவைப் போட்டார்கள். யூனிக்ஸ் வளர்ந்தது அதிலிருந்துதான். 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்கு ஆஸ்திரேலியாவில் ஆசிரியராக இருந்த ஜான் லயன்ஸ் ஓர் உரை எழுதினார். அது 1996இல்தான் புத்தகமாக வந்தது. அதுவரை மாணவர்கள் ஜெராக்ஸ் எடுத்தே கைமாற்றிப் படித்தார்கள். அந்த நிரலில் ‘அலாக்’ என்று ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. டிஸ்க்கில் காலியாக இருக்கும் பிளாக் ஒன்றை எடுத்துத் தருவது அதன் வேலை. தருவதற்குமுன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, நினைவகத்தில் அந்த பிளாக்குக்கு உரிய 512 பைட்டையும் பூஜ்யமாக்கிவிடும்.

இதை வெறும் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. யூனிக்ஸில் பூஜ்யத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. பெரிய ஃபைல் ஒன்றின் பகுதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முகவரிப் பட்டியலும் இதேபோன்ற ஒரு பிளாக்கில்தான் எழுதப்படும். அங்கே பூஜ்யம் இருந்தால் ‘இங்கே எதுவும் இல்லை’ என்று பொருள். பூஜ்யத்துக்குப் பதில் பழைய குப்பை இருந்தால்? குப்பையும் எண்தானே. அதை முகவரி என்று நம்பி, ஃபைல் சிஸ்டம் நேராக அடுத்தவர் ஃபைலுக்குள் போய் நிற்கும்.

ஆனால் யூனிக்ஸ் எழுதப்பட்ட சி மொழி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ஒரு ஃபங்ஷனுக்குள் நீங்கள் அறிவிக்கும் மாறிக்கு நீங்களே மதிப்பு தராவிட்டால், அந்த இடத்தில் முன்பு கிடந்ததுதான் அதன் மதிப்பு. மாலாக் தரும் நினைவகமும் அப்படியே. காலாக் என்று கேட்டால்தான் துடைத்துத் தரும். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒரு கட்டமைப்பில் 1 பைட் எழுத்து, அடுத்து 8 பைட் எண் என்று வைத்தால், கம்பைலர் நடுவில் பெரும்பாலும் 7 பைட் இடைவெளி விடும். எல்லா உறுப்புக்கும் ஒழுங்காக மதிப்புக் கொடுத்த பிறகும் அந்த 7 பைட்டைத் தொட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

1994இல், ஒரே ஆண்டில், இதற்கு இரண்டு பக்கத்திலிருந்து பதில் வந்தது. சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் ‘ஸ்லாப்’ என்ற நினைவக ஒதுக்கீட்டு முறையை வெளியிட்டார். இடம் வாங்குவதைவிட, வாங்கிய இடத்தைத் தயார்செய்வதற்கே சில சமயம் அதிகம் செலவாகிறது என்று அவர் கவனித்தார். அதனால் ஒரு பொருளை ஒருமுறை தயார்செய்து, திருப்பித் தரும்போது அதே தயார்நிலையில் தரவேண்டும் என்று விதித்தார். லினக்ஸின் ஐநோடுகள் இன்றும் இந்த முறையில்தான் பிறக்கின்றன. பிழை தேடும்போது, விடுவிக்கப்பட்ட இடத்தில் ‘டெட்பீஃப்’ என்று படிக்கும்படியான ஒரு பதினாறடிமான எண்ணை நிரப்பிவைப்பதும் அவர் முறையில் உண்டு. யாராவது அதைத் தொட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

மற்றொரு பதில் கிரெகரி கேங்கர், யேல் பட் என்ற இருவருடையது. அவர்கள் பயந்தது நடுவில் கரண்ட் போவதற்கு. ஃபைலின் பெயர் டைரக்டரியில் எழுதப்பட்டுவிட்டது, ஆனால் அந்தப் பெயர் சுட்டும் ஐநோடு டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை என்றால், பெயர் குப்பையைச் சுட்டும். அவர்கள் வகுத்த விதிகளில் ஒன்று, தயாராகாத எதையும் சுட்டாதே என்பது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று நம்மூரில் சொல்வதும் இதைத்தான்.

விதி தெரிந்தும் சறுக்கினார்கள். 2004இல் லினக்ஸின் எக்ஸ்ட்3, எக்ஸ்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ் ஆகிய மூன்று ஃபைல் சிஸ்டங்களிலும் ஒரே மாதிரி ஓட்டை வெளிவந்தது. நினைவகத்தில் கிடந்தது டிஸ்க்கில் போய் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ட்3 ஓட்டையைக் கண்டுபிடித்தவர் சோலார் டிசைனர் என்ற புனைபெயரில் இயங்கும் பாதுகாப்பு ஆய்வாளர். டிஸ்க்கை எட்டவே கூடாத ரகசியச் சாவிகள்கூட இப்படி டிஸ்க்கில் போய் உட்கார வாய்ப்பிருந்தது.

2005இல் வெளிவந்த எக்ஸ்ட்2 ஓட்டை இன்னும் சுவாரசியமானது. நீங்கள் புதிதாக ஒரு டைரக்டரி உருவாக்கினால் அதில் இரண்டே பதிவுகள் இருக்கும். ஒரு புள்ளி, அதாவது ‘நான்’. இரண்டு புள்ளி, அதாவது ‘என் தாய் டைரக்டரி’. ஒவ்வொன்றுக்கும் 12 பைட் போதும், மொத்தம் 24. பிளாக்கின் அளவு 4096 என்றால் மீதி 4072 பைட். அதில் இருந்தது கெர்னலின் பழைய நினைவு. யாருடைய கடவுச்சொல், யாருடைய கடிதம் என்று சொல்லமுடியாது. பென் டிரைவில் டைரக்டரி உருவாக்கி இன்னொருவர் கையில் கொடுத்தால், அதுவும் கூடவே போகும்.

எப்படி நடந்தது? பிளாக்கைத் தயார்செய்யும் துணை ஃபங்ஷன் ஒன்று உண்டு. ‘எந்தப் பகுதியில் எழுதப்போகிறாய்?’ என்று கேட்டு, எழுதாத பகுதியை அதுவே பூஜ்யமாக்கிவிடும். டைரக்டரி உருவாக்கும் ஃபங்ஷன் ‘முழு பிளாக்கிலும் எழுதப்போகிறேன்’ என்று சொல்லிவிட்டு, 24 பைட் மட்டும் எழுதியது. அவர் பெருக்குவார் என்று இவரும், இவர் பெருக்குவார் என்று அவரும் விட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் தவறு கண்ணில் படாது. திருத்தம் ஒரே வரி: முழு பிளாக்கையும் முதலில் பூஜ்யமாக்கு. லினக்ஸ் 2.6.11.6இல் அது வந்தது.

பாடம் படித்தார்களா என்றால், பாதி. 2019இல் எக்ஸ்ட்4இல் அதே உருவத்தில் ஒன்று வந்தது. ஃபைலின் பகுதிகளைக் குறிக்கும் மரத்தின் பிளாக்கில், பயன்படாத வால்பகுதி துடைக்கப்படவில்லை.

இதற்குள் அணுகுமுறையே மாறியிருந்தது. நிரல் எழுதுபவரின் ஞாபகத்தை நம்புவதை விட்டுவிடலாம் என்று முடிவானது. 2019இல் லினக்ஸ் 5.3 ஒரு தெரிவைக் கொடுத்தது. அதை இயக்கினால் கெர்னல் ஒதுக்கும் நினைவகம் முழுக்கப் பூஜ்யமாக்கப்பட்ட பிறகே கைக்கு வரும். கொஞ்சம் வேகம் குறையும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில், எந்த பைட்டுக்கு மதிப்புத் தரப்பட்டது, எதற்குத் தரப்படவில்லை என்று கண்காணிக்கும் கருவி சேர்ந்தது. மதிப்புத் தராத மாறியைச் சாதாரணமாகப் படிக்கவே விடாத ரஸ்ட் மொழி கெர்னலுக்குள் நுழைந்ததும் அதே பதிப்பில்தான்.

ஆறாம் பதிப்பு யூனிக்ஸ் கெர்னல் சுமார் 9,000 வரி. புது பிளாக் வேண்டும் என்றால் எல்லோரும் ‘அலாக்’ என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வரவேண்டும். அங்கே ஓர் ஆள் துடைப்பத்தோடு நின்றால் போதும். இன்றைய கெர்னலில் வரிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, வாசல்கள் எத்தனையோ. வேகத்துக்காக வாசலுக்கு வாசல் துடைப்பத்தை எடுத்துவிட்டு, ‘உள்ளே வருபவர் பார்த்துக்கொள்வார்’ என்று எழுதிவைத்தார்கள். 47 ஆண்டு கழித்து மறுபடி துடைப்பத்தைத் தேடுகிறார்கள். கிடைத்துக்கொண்டும் இருக்கிறது. அதுவரை 4072 பைட்களில் யார் யாருடைய ரகசியம் எங்கெங்கே போனது என்பதற்கு மட்டும் எந்தப் பட்டியலும் கிடையாது.