பிரெஞ்சு வண்டிக்கு இத்தாலிய மரை

1972 வாக்கில் கடையில் விற்ற பெஜோ பிஎக்ஸ்-10 பந்தய சைக்கிள் பெயருக்கு முழுப் பிரெஞ்சு வண்டி. அதன் எலும்பு மட்டும் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்தது. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் சந்தைக்குக் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. குழாயின் சுவர் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். பற்றவைக்கும் இடத்தில் வலு வேண்டும், மற்ற இடத்தில் எடை குறையவேண்டும் என்ற கணக்கு. ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் இந்த உத்திக்கு 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் கேட்டதால் அதே எஃகை மில்லிமீட்டர் அளவில் இழுத்துக் கொடுத்தார்கள். ஆங்கிலேய வண்டியில் 28.6 மி.மீ. இருக்கும் சீட் குழாய் இதில் 28 மி.மீ. அரை மில்லிமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். ஆனால் இந்த வண்டி பின்னாளில் பட்ட பாட்டில் பெரும்பகுதி அந்த மாதிரிச் சொச்சங்களால் வந்தது.

ரெனால்ட்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. அது 1928-இல் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்துக்குள் போனது. அதே குழுமம்தான் 1949-இல் முருகப்பா குடும்பத்தாருடன் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அந்த வகையில் கேரியரில் பால்கேன் கட்டிக்கொண்டு போன அம்பத்தூர் ஹெர்குலிஸுக்கு இந்தப் பந்தய வண்டி தூரத்து உறவு. சாப்பாடு வேறு, நடை வேறு. வீட்டுப் பெயர் ஒன்று.

பர்மிங்காம் குழாய்கள் கடல் தாண்டி, கிழக்கு பிரான்ஸின் தூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த பெஜோ தொழிற்சாலைக்குப் போயின. அங்கே நெர்வெக்ஸ் என்ற லக்குகளுக்குள், அதாவது மூட்டு உறைகளுக்குள், குழாய்களைச் செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்தார்கள். ஓரமெல்லாம் கொடி ஓடியதுபோல் வளைந்து நெளியும் லக்குகள் அவை. வெள்ளைச் சாயம் அடித்தார்கள். கிராங்க் சாந்த்-எத்தியேன் நகரத்து ஸ்ட்ராங்லைட். பிரேக் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்து மஃபாக். கியர் மாற்றும் டீரெய்லர் திஜோன் நகரத்து சிம்ப்ளெக்ஸ். குழாயைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்கு, அளவுகளும் உள்ளூர் அளவுகள். பந்தய வீரர் எடி மெர்க்ஸ் இளம் வயதில் பெஜோ அணியில்தான் ஓட்டினார். ரோஜே பின்ஜோன் 1967-இலும், பெர்னார் தெவெனே 1975, 1977 ஆண்டுகளிலும் பெஜோவின் கட்டம் போட்ட சட்டையோடு டூர் தெ பிரான்ஸ் வென்றார்கள். 1975-இல் தெவெனேயிடம் தோற்றவர் மெர்க்ஸ். கடையில் வண்டி விற்க இதற்குமேல் என்ன வேண்டும்?

விற்றது, அட்லாண்டிக்கைத் தாண்டியும் விற்றது. அமெரிக்கர்களுக்கு 1970-களின் தொடக்கத்தில் திடீரென்று சைக்கிள் பித்துப் பிடித்தது. 1973-இல் மட்டும் அங்கே ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. உள்ளூர்த் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பெட்டி பெட்டியாக பெஜோக்கள் இறங்கின. வண்டி வந்த வேகத்துக்கு அதைப் பழுதுபார்க்கும் அறிவு வந்து சேரவில்லை.

கிராங்கின் அச்சு ஓடுகிற குறுக்குக் குழலை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் பி.பி. என்பது இதைத்தான். குழலின் இரு வாயிலும் மரை வெட்டியிருக்கும். அதில் இரண்டு கப்புகள் திருகி உட்காரும். கப்புக்குள் பால்ஸ், நடுவே அச்சு. பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. ஆங்கிலேய மரை 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ.; அங்குலத்துக்கு 24 மரை என்பதால் இடைவெளி 1.058 மி.மீ. ஆங்கிலேய இடப்பக்கக் கப்பை எடுத்து பிரெஞ்சு வாயில் வைத்தால் சமர்த்தாக உள்ளே போகும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் இறுகும். பொறுமைக்காரர் அங்கேயே நிறுத்திக் கப்பை வெளியே எடுத்துப் பார்ப்பார். அவசரக்காரர் நீள ஸ்பானரை மாட்டுவார். கப் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடத்திலெல்லாம் பழைய மரையின் தலையைச் சீவிக்கொண்டு போயிருக்கும். அந்த வாரம் வண்டி ஓடும். முன் ஃபோர்க்கின் தண்டிலும் இதே கதை. பிரெஞ்சுத் தண்டு 25 மி.மீ., ஆங்கிலேய நட்டு 25.4 மி.மீ.க்கானது. தொளதொளவென்று இறங்கி, இறுக்கும்போது மரையை மழித்துவிடும்.

யாரும் தப்பான கப்பை மாட்டாத வண்டிக்கும் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. பிரெஞ்சு முறையில் பி.பி.யின் இரண்டு கப்புகளும் வலம்புரி மரை. ஆங்கிலேயர்கள் வலப்பக்கக் கப்புக்கு இடம்புரி மரை வைத்தார்கள், காரணத்தோடுதான். ஆட்டுக்கல்லில் குழவியை நாம் வலமாகச் சுற்றுகிறோம். குழியின் சுவரை ஒட்டி உருளும் குழவி தன்னளவில் இடமாகச் சுழலும். பி.பி.யிலும் அதேதான் நடக்கிறது. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் அச்சு கடிகாரத் திசையில் சுற்றுகிறது. பால்ஸ் அழுத்தும் இடமும் கூடவே சுற்றி நகர்கிறது. தன் ஓட்டையைவிட ஒரு மயிரிழை சிறியதான கப், அந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் கடுகளவு கடுகளவாக உருள்கிறது. வலம்புரி மரைக்கு அது கழலும் திசை. ஓட்ட ஓட்டக் கப் தளரும். தளர்ந்த கப் ஆடும், ஆடுகிற கப் மரையைத் தின்னும். மூன்று டூர் வெற்றிகளைப் பார்த்த ஒரு தொழிற்சாலை இதை இத்தனை காலம் பொறுத்துக்கொண்டது எனக்கு வியப்புதான். பந்தய அணிக்கு அன்றாடம் இறுக்கிக் கொடுக்க ஆள் இருந்தார் என்பதைத் தவிர வேறு சமாதானம் தோன்றவில்லை. வாங்கியவர் வீட்டில் அப்படி ஆள் இல்லை.

பித்து அடங்கியதும் இந்த வண்டிகளில் பல காராஜ் சுவரின் ஆணிக்குப் போயின. பத்து இருபது வருஷம் கழித்து ஏதோ ஒரு வீட்டு விற்பனையில் கைமாறி, பழைய எஃகில் பிரியமுள்ள யாரோ ஒருவரின் பணிமேசைக்கு வந்து சேர்ந்தன. முதலில் உடைந்திருப்பது ஃப்ரேம் இல்லை, டீரெய்லர். சிம்ப்ளெக்ஸ் அதை டெல்ரின் பிளாஸ்டிக்கில் வார்த்தது. வயதானால் விரிசல் விடும். புதிது மாட்டலாம் என்றால் அது தொங்கவேண்டிய காதில் மரையே இருக்காது. பின்சக்கரம் உட்காரும் டிராப்அவுட் தகட்டின் கீழே நீளும் அந்தக் காதுக்கு ஹேங்கர் என்று பெயர். சிம்ப்ளெக்ஸ் தன் டீரெய்லரை மட்டுமே மனதில் வைத்து வெறும் துளை போட்டது. அதில் 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி கொண்ட மரை வெட்டும் டேப் ஓட்டினால் ஊரிலுள்ள மற்ற டீரெய்லர்கள் எல்லாம் ஏறும். துளையின் அளவு ஏற்கெனவே அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டீரெய்லர் முட்டி நிற்கும் முனை வேறு இடத்தில் இருந்தால் அரத்தால் கொஞ்சம் தேய்க்கவேண்டி வரும். முன்பே யாராவது கோணலாக மரை வெட்டி அது தேய்ந்தும் போயிருந்தால், துளையைப் பெரிதாக்கிப் பின்பக்கமிருந்து விளிம்பு வைத்த எஃகுப் புஷ் ஒன்றைச் செருகிவிடலாம். புது மரை அந்தப் புஷ்ஷுக்குள் இருக்கும்.

ஹேங்கருக்குப் பெண்டு எடுப்பது தனி வேலை. வண்டி ஒருமுறை வலப்பக்கமாக விழுந்தாலே அது உள்ளே வளைந்துவிடும். லீவரை உத்தேசமாகத் தள்ளிக் கியர் மாற்றிய காலத்தில் அந்தக் கோணலைக் காலும் காதும் சரிக்கட்டிக்கொண்டன. 1980-களின் நடுவில் ஷிமானோவின் சொடுக்குக் கியர் பரவியபின் அந்தச் சலுகை போய்விட்டது. ஹேங்கரில் ஒரு நீளக் கம்பியைத் திருகி, அதன் நுனி ரிம்முக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நான்கு இடத்தில் பார்த்து, கம்பியையே நெம்புகோலாக்கி வளைக்கவேண்டும். எஃகு இதற்கு இசையும். அலுமினியம் என்றால் கையோடு வந்துவிடலாம்.

பின்முக்கோணத்தின் அகலமும் காலத்தோடு ஒத்துப்போகாது. ஐந்து பல்சக்கரக் காலத்தில் டிராப்அவுட்டுகளுக்கு நடுவே 120 மி.மீ.; ஆறு, ஏழு வந்தபோது 126. பக்கத்துக்கு 3 மி.மீ. விரித்தால் போதும், நெருப்பே வேண்டாம். ஒரு பக்க டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டவேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃப்ரேம் நேர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாரிஸ் சைக்ளரியில் வேலை பார்த்த ஷெல்டன் பிரவுன், 2008-இல் இறக்கும்வரை இந்த மாதிரி வைத்தியங்களை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர். நூலையும் மரக்கட்டையையும் வைத்தே ஃப்ரேமை விரிக்கலாம் என்று விளக்கினார். கழற்றவே முடியாத பி.பி. கப்பைக் கழற்ற, ஒரு போல்ட்டும் நட்டும் சில வாஷர்களும் போதும் என்றும் காட்டினார். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கருவிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் போல்ட் எனக்கு நினைவுக்கு வரும்.

முன் ஃபோர்க் திரும்பும் ஹெட்செட்டில் பால்ஸ் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் குழி விழுந்திருக்கும். ஹேண்டில்பார் நேராக வரும்போது ‘டக்’கென்று பிடிக்கும். பிரெஞ்சு அளவில் மாற்று ஹெட்செட் தேடி அலைவதற்கு முன், கூண்டோடு இருக்கும் பால்ஸை எடுத்துவிட்டுத் தனிப் பால்ஸை நிறைத்துப் போட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கை மாறுவதால் அவை பழைய குழிகளில் ஒன்றுபோல் உட்காரா. இன்னும் பல வருஷம் தாங்கும்.

இனி பி.பி. முதலில் கிராங்கைக் கழற்றவேண்டுமே, அங்கேயே ஒரு கண்ணி. ஸ்ட்ராங்லைட் கிராங்கின் மரை 23.35 மி.மீ.; கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் புல்லர் 22 மி.மீ. தெரியாமல் மாட்டி முறுக்கியவர்கள் கிராங்கையும் கெடுத்தார்கள். அது தாண்டிக் கப்பை வெளியே எடுத்தால் உள்ளே இருக்கும் நிலைமை தெரியும். மரை முக்கால்வாசி இருந்தால் சுத்தம் செய்து, மரைப்பசை பூசி, அசல் பிரெஞ்சுக் கப்பையே முழு பலத்தோடு இறுக்கிவிடுவதுதான் நல்லது. ஒன்றும் வெட்டவில்லை, பின்னால் மனம் மாறினாலும் நஷ்டமில்லை.

மரை அடியோடு போயிருந்தால் இரண்டு வழி. மாவிக் நிறுவனம் செய்த ஒரு கேட்ரிட்ஜ் பி.பி. மரையையே நம்பாது. குழலின் இரு வாய் ஓரத்தையும் 45 டிகிரி சரிவாகச் சீவிவிட்டால், கூம்பு வளையங்கள் இரண்டு பக்கமிருந்தும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். சரக்கு அரிது, சீவும் கருவி அதைவிட அரிது. மற்றது இத்தாலிய மரை. 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை; விட்டத்தை மில்லிமீட்டரிலும் மரையை அங்குலத்திலும் வைத்த விசித்திரக் கலப்பு. பிரெஞ்சு அளவைவிட 1 மி.மீ. பெரிது என்பதே அதன் பெருமை. ரீமர் ஓட்டிப் பழைய மரையின் மிச்சத்தை வழித்துவிட்டால், அதற்கு வெளியே தொடப்படாத எஃகில் புது மரை பிறக்கும். இரண்டு டேப்புகளும் ஒரே தண்டில் ஒன்றையொன்று வழிகாட்டிக்கொண்டு இறங்கவேண்டும். இல்லாவிட்டால் இரு வாயின் மரையும் ஒரே நேர்க்கோட்டில் அமையாது, அச்சு முடிச்சுப் போட்டதுபோல் சுற்றும். வெட்டெண்ணெயைத் தாராளமாக விட்டு, கொஞ்சம் முன்னே திருகி, சுருள் உடையப் பின்னே திருகி, மறுபடி முன்னே. அவசரப்பட்டால் டேப் சிக்கும்.

பிரெஞ்சு வண்டியில் இத்தாலிய மரையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஏலத்தில் பிரெஞ்சுக் கப்புகளைக் கொள்ளை விலைக்கு வாங்கி, பிடிப்பில்லாத குழலில் பசை போட்டு ஒட்டவைத்துக் கண்ணாடி அலமாரியில் நிறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலேயக் குழாயில் தொடங்கிய வண்டிக்கு அப்படியென்ன குலப்பெருமை? மிதித்துப் போகத்தான் அதைச் செய்தார்கள்.

ஆனால் இத்தாலிய வைத்தியத்தின் குறையையும் சொல்லிவிடவேண்டும். இத்தாலியர்களும் இரண்டு பக்கமும் வலம்புரி மரைதான் வைத்தார்கள். வலக் கப் கழலும் பழைய வியாதி அப்படியே தொடரும். நீளக் கைப்பிடி ஸ்பானரும் மரைப்பசையும் இல்லாமல் அந்தக் கப்பை மாட்டக்கூடாது. குழலின் அகலம் இன்னொரு சங்கதி. இத்தாலியக் குழல் 70 மி.மீ., நம் பெஜோவுடையது 68. அச்சு வாங்கும்போது இந்த 2 மி.மீ.யைக் கணக்கில் எடுக்கவேண்டும். இறுக்கி இளக்கக்கூடிய பழைய பாணிக் கப்-பால்ஸ் அமைப்பு அதைத் தாங்கிக்கொள்ளும். அளவு மாற்றமுடியாத கேட்ரிட்ஜை வாங்கினால் ஓரத்தில் துருத்தும்.

வெட்டியபின் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. இத்தாலிய மரையும் என்றாவது தேய்ந்தால், அதைவிடப் பெரிய மரை வெட்ட அந்த மெல்லிய சுவரில் இடமில்லை. மிச்சமிருப்பது மாவிக் வழி, அல்லது குழலையே சூடாக்கிப் பிரித்துப் புதிது பற்றவைப்பது. 531-க்கு அதிகச் சூடு ஆகாது; பித்தளை உருக ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும், வெள்ளிக்கலவை 650 டிகிரியிலேயே ஓடும். கெட்டிக்கார ஃப்ரேம் தச்சர்கள் பழுதுக்கு வெள்ளியை நாடுவது அதனால்தான். வெள்ளைச் சாயம் எப்படியும் கருகும்.

நல்ல பணிமனைக்காரர் டேப்பைத் துடைத்து வைத்ததும் ஃப்ரேமைக் கவிழ்த்து, குழலின் அடியில் 36 என்ற எண்ணையும் 24 என்ற எண்ணையும் உளியச்சால் சின்னதாகக் குத்திவிடுவார். வெளியே பெஜோ என்று எழுதியிருப்பதை நம்பி, அடுத்தவர் ஒரு பிரெஞ்சுக் கப்பைக் கொண்டுவந்து அதில் திருகாமல் இருக்கவேண்டுமே.