முதனிகளில் கலோரிக் கட்டுப்பாடும் நோயெதிர்ப்பாற்றலும்

கலோரிக் கட்டுப்பாடு என்பது ஊட்டச்சத்துக் குறைபாடு நேராதவாறு உணவின் ஆற்றல் அளவை நீண்டகாலம் குறைத்து வைப்பதாகும். உயிர்ச்சத்துகளும் கனிமங்களும் போதிய அளவில் கிடைப்பதால் இது பட்டினியிலிருந்து வேறுபடுகிறது. முதனிகளில் இதன் விளைவுகளை அறிய ஐக்கிய அமெரிக்காவில் செம்முகக் குரங்குகளைக் கொண்டு இரு நெடுங்கால ஆய்வுகள் நடத்தப்பட்டன. தேசிய முதுமை நிறுவனத்தின் ஆய்வு 1987 இலும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 1989 இலும் தொடங்கின. இவற்றில் உணவாற்றல் ஏறத்தாழ 30% குறைக்கப்பட்டது.

முதுமையும் டி உயிரணுக்களும்

டி உயிரணுக்கள் மார்பெலும்பின் பின்புறமுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன. வயது ஏற ஏற இச்சுரப்பி சுருங்கிக் கொழுப்பாக மாறுகிறது. இதனால், இதுவரை எந்நோய்க்கிருமியையும் சந்திக்காத புதிய டி உயிரணுக்கள் குறைகின்றன. பழைய தொற்றுகளை நினைவில் கொண்ட உயிரணுக்கள் மிகுகின்றன. முதியோருக்குப் புதிய தொற்றுகளை எதிர்ப்பது கடினமாவதற்கு இது ஒரு காரணமாகும்.

குரங்குகளில் கண்ட விளைவுகள்

இல்கெம் மெசாவுடி, ஜான்கோ நிகோலிச்-சுகிச் முதலானோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கலோரிக் கட்டுப்பாட்டில் இருந்த முதிய குரங்குகளில் புதிய டி உயிரணுக்கள் கூடுதலாக எஞ்சியிருந்தன. டி உயிரணு ஏற்பிகளின் பன்மையும் காக்கப்பட்டது. அழற்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கும் நினைவு உயிரணுக்கள் குறைவாக இருந்தன.

தொடங்கும் வயது

இந்நன்மை எல்லா வயதினருக்கும் பொதுவானதன்று. 2008 இல் வெளியான அடுத்த ஆய்வில், பருவமடையும் முன்போ முதுமையிலோ கட்டுப்பாடு தொடங்கப்பட்ட குரங்குகளில் இப்பயன் காணப்படவில்லை. தகாத வயதில் தொடங்குவது டி உயிரணுக்களின் செயல்திறனுக்குத் தீங்காகவும் அமையக்கூடும் என்பதற்குச் சில முடிவுகள் சான்றாயின. இளம் முதிர்பருவத்தில் தொடங்கியபோதே நன்மை தெளிவாகத் தெரிந்தது.

வரம்புகள்

குருதியிலுள்ள உயிரணுக்களின் நிலை மேம்படுவதும் உண்மையான தொற்றிலிருந்து பிழைப்பதும் ஒன்றல்ல. கலோரிக் கட்டுப்பாட்டில் இருந்த முதிய சுண்டெலிகள் இன்ஃபுளுவென்சா தொற்றினால் கூடுதலாக இறந்ததை 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது. தொற்றை எதிர்க்க உடலுக்குச் சேமிப்பு ஆற்றல் தேவைப்படுவது இதற்கு ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது.

மனிதர்களில்

உடல்நலமுள்ள நடுவயதினர் பங்கேற்ற ஈராண்டு ஆய்வொன்றின் முடிவுகள் 2022 இல் வெளியாயின. உணவாற்றலை ஏறத்தாழ 14% குறைத்தவர்களின் தைமஸ் சுரப்பியில் கொழுப்புக் குறைந்து, செயற்படும் பகுதி கூடியிருந்தது. எனினும், குரங்குகளில் கண்ட வயது வேறுபாட்டைக் கருதினால், இம்முடிவைச் சிறாருக்கோ முதியோருக்கோ அப்படியே பொருத்த இயலாது.