அத்தாப்பும் ஓடும்: கோலாலம்பூரின் தீத்தடுப்பு விதிகள்

கோலாலம்பூரைக் கட்டியவர்களுள் தீயையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாம். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், 1872இல், அவ்வூர் ஒரு முறை எரிந்தது. போர் ஓய்ந்தபின் சீனக் கப்பித்தான் யாப் ஆ லோய் அதனை மீண்டும் எழுப்பினார். ஆயினும் எழுந்தவை பழைய பலகைச் சுவர்களும், நீப்பா ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரைகளுமே. 1880இல் மாநிலத்தின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மூண்ட தீ, புதிய தலைநகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று. போதாக்குறைக்கு அவ்வாண்டின் இறுதியில் பெருவெள்ளமும் வந்தது.

அபினிக் கடை ஒன்றில் விளக்குக் கவிழ்ந்ததே தீக்குக் காரணம் என்பர். விளக்குகள் எல்லா ஊர்களிலுந்தான் கவிழ்கின்றன. ஒரு விளக்கு ஒரு நகரத்தையே எரிக்க வல்லதாயிற்று எவ்வாறு என்பதன்றோ ஆராயத்தக்கது? வெயிலில் உலர்ந்த ஓலைக்கு ஒரு பொறி போதும். கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன; தெருக்களோ குறுகியவை. ஆற்றிலிருந்து நீர் மொண்டு வருவதற்குள் தீ பத்துக் கூரைகளைத் தாண்டிவிடும்.

1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், எரிந்த இடத்தில் அத்தாப்பே மீண்டும் தலையெடுத்திருக்கக் கண்டார். நகரின் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமையவேண்டும் என்ற விதி 1884இல் நடைமுறைக்கு வந்தது. கருத்துப் புதியதன்று. 1666இல் இலண்டன் எரிந்ததும், அடுத்த ஆண்டே ஆங்கிலப் பாராளுமன்றம் புதிய வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ ஆகவேண்டும் எனச் சட்டம் செய்தது.

விதி எழுதுவது எளிது. செங்கல்லுக்கு எங்கே போவது? யாப் ஆ லோய் நகரின் தெற்கே பரந்த நிலம் பெற்றுச் சூளைகள் அமைத்தார். அச்சூளைகள் நின்ற இடமே பிரிக்பீல்ட்ஸ். நகரில் பெரும் மனை உடைமையாளரும் அவரே. ஆகவே விதியின் செலவும் அவர் தலையில் விழுந்தது. அதன் ஊதியமும் அவர் கைக்கு வந்தது. 1885இல் அவர் மறைந்தார். 1887க்குள் 500க்கு மேற்பட்ட செங்கல் வீடுகள் நகரில் எழுந்துவிட்டன. பிற்காலத்தில் இரயில்வே அங்கே தன் பட்டறைகளையும் குடியிருப்புகளையும் அமைக்க, தமிழ்நாட்டுத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தரும் குடியேறி அதனைத் தமிழர் பேட்டையாக்கினர்.

புதிய கடைவீடுகளின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. ஓட்டின்மேல் விழும் பொறி அவிந்துபோகும். இரு வீடுகளுக்கிடையே நிற்கும் பொதுச்சுவர் கூரையையும் கடந்து மேலே எழும். ஒரு வீட்டின் உத்தரம் எரிந்தாலும் அண்டை வீட்டுக் கூரைக்குத் தீ செல்லாது. (நம்மவர் ‘அஞ்சடி’ என வழங்கும் முன்தாழ்வாரமும் இக்கடைவீடுகளோடு வந்ததே. பெட்டிக்கடையும் வெற்றிலைக்கடையும் அதனுள் புகுந்தது வேறு கதை.) 1883இல் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்றும் தோன்றியிருந்தது. எனினும் நகரைக் காத்ததில் படையைவிடச் சுவருக்கே பங்கு அதிகம் எனல் வேண்டும். 1890இல் நகரசுத்திச் சபை நிறுவப்பட்டது. நகரத்தைக் கண்காணிக்க நிலையான ஓர் அமைப்பு வந்தது.

இச்சபையின் அதிகாரமோ நகர எல்லையோடு நின்றது. எல்லைக்கு அப்பால் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் வாழ்ந்த லயங்கள் நெடுங்காலம் பலகைக் கொட்டகைகளே. ஒரே கூரை, இடையே ஒரு பலகைத் தடுப்பு, வீட்டுக்கு ஓர் அடுப்பு: 1881ஆம் ஆண்டுக் கோலாலம்பூரின் சிறு பிரதி. நகரத்து வணிகனின் சரக்குக்கு 1884இல் கிடைத்த காப்பு, தோட்டத்துக் குழந்தையின் தொட்டிலுக்குக் கிடைக்கப் பல தலைமுறைகள் ஆயின. தொழிலாளர் வீட்டுவசதிக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966இல்தான் இயற்றப்பட்டது.

பழைய விதியின் வழித்தோன்றல்களே 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டமும், அதன்கீழ் வந்த 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகளும். பொதுச்சுவர் கூரைக்குமேல் 225 மில்லிமீட்டராவது உயரவேண்டும் என்று அவ்விதிகள் கூறின. சூளைக்காலத்து அறிவு எண்ணளவில் எழுதப்பட்டது, அவ்வளவே.

கிள்ளான் பக்கத்துத் தீயோ வேறு இனம். கடலோரக் கரிச்சேற்று நிலம் வடிகால் வெட்டியதும் உலர்கிறது. உலர்ந்த மண்ணே விறகாகிறது. தீ நிலத்தடியில் புகுந்து வாரக்கணக்கில் கனன்று, புகையை ஊருக்குள் அனுப்புகிறது. 2005 ஆகஸ்டில், பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இத்தீயைச் செங்கல்லும் ஓடும் தடுக்கமாட்டா. இங்கே வேண்டிய விதி எந்த நிலத்தைத் திறக்கலாம், எந்த வடிகாலை வெட்டலாம் என்பதைப் பற்றியது. கோலசிலாங்கூரை அடுத்த ராஜா மூசா வனக்காப்பில், முன்பு வெட்டிய கால்வாய்களையே அணையிட்டு அடைத்து, நிலத்தடி நீரை மேலே நிறுத்தும் பணி நடைபெற்று வந்துள்ளது.