திரையின் உடைமையும் கவிஞனின் உரிமையும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நடிகர்களைப் பற்றியும், இயக்குநர்களைப் பற்றியும், பாடல்களைப் பற்றியுமே எழுதியுள்ளனர். படப்பெட்டி யாருடையது, ஒலிப்பதிவுக் கருவி யாருடையது, கொட்டகை யாருடையது, படம் ஓடி முடிந்தபின் அது யார் கையில் தங்குகிறது என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. ஆயினும் எந்தக் கதை படமாக வேண்டும், எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும், எது மறக்கப்பட வேண்டும் என்பதை முடிவு செய்வதில் இவ்வுடைமைக்குப் பெரும் பங்குண்டு. கவிஞர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இப்பொருளை எடுத்துக்கொள்வது தகும் என எண்ணுகிறேன். திரைப்படம் தமிழ்க் கவிஞனுக்குச் சோறிட்டது, பெயரளித்தது, அவன் சொல்லை விலைக்கும் வாங்கிக்கொண்டது.

கருவியைத் தேடிய காலம்

1905ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். வேலையைத் துறந்து, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். பின்னர்க் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். கருவியும் சுருளும் கூடாரமும் ஒருவருக்கே உரியனவாக இருந்த அக்காலத்தில் உடைமைச் சிக்கல் எழவில்லை. மோட்டார் உதிரிப்பாக வணிகரான நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ என்னும் மௌனப் படத்தைச் சென்னையில் எடுத்ததும் அவ்வாறே ஒரு தனிமனிதரின் துணிவால் விளைந்தது.

ஒலி வந்ததும் நிலை மாறிற்று. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. தமிழின் முதல் பேசும் படமெனப் போற்றப்படும் அது பம்பாயில் எடுக்கப்பட்டது. ஏனெனில் ஒலிப்பதிவுக் கூடம் அங்கேதான் இருந்தது. 1934இல் சென்னையில் சீனிவாசா சினிடோன் தோன்றும்வரை தமிழ் பேசும் படங்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறின. நம் மொழி திரையில் பேசத் தொடங்கியபோது அதன் குரல் வெளியூர் முதலாளியின் கருவிக்குள் இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

அச்சகத்திலிருந்து அரங்கிற்கு

சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையின் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும், சென்னையின் ஜெமினியும் வாகினியும், காரைக்குடியில் தோன்றிச் சென்னைக்கு வந்த ஏவி.எம். ஆகியவை அடுத்த முப்பது ஆண்டுகளை ஆண்டன. ஒரே மதிலுக்குள் படப்பிடிப்புத் தளமும் தச்சுப்பட்டறையும் கதை இலாகாவும் இசைக்கூடமும் அமைந்தன. நடிகரும் கவிஞரும் மாதச் சம்பளம் பெற்றனர்.

இவற்றுள் ஜெமினியின் வரலாறு நமக்குச் சிறப்பாகப் பொருந்துவது. எஸ்.எஸ்.வாசன் முதலில் பத்திரிகையாளர். 1928இல் ‘ஆனந்த விகடன்’ இதழைத் தமதாக்கிக்கொண்டார். அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ 1936இல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் படமாயிற்று, எம்.ஜி.ராமச்சந்திரன் திரைக்கு அறிமுகமானது அதில்தான். பின்னர் வாசன் தாமே ஸ்டுடியோ அதிபரானார். இதழை விற்கும் கலையையும் படத்தை விற்கும் கலையையும் ஒன்றாக்கி, 1948இல் ‘சந்திரலேகா’வை இந்தியில் வடநாடெங்கும் கொண்டு சென்றார். வாசகனையும் பார்வையாளனையும் ஒரே கை பற்றிக்கொள்ள முடியும் என்பதைத் தமிழகம் அப்போதே கண்டுவிட்டது. அந்நிறுவனத்தில் பல்லாண்டு பணிபுரிந்த அசோகமித்திரன், திரையுலகின் கீழ்த்தட்டு மனிதரை நம் புனைகதைக்குள் கொண்டுவந்தார். ஸ்டுடியோ இலக்கியத்திற்கு அளித்த கொடைகளுள் அதுவும் ஒன்று.

பாரதி யாருடைய சொத்து?

உடைமை என்பது தளவாடங்களோடு நிற்பதில்லை என்பதை உணர்த்திய நிகழ்ச்சி பாரதியைப் பற்றியது. 1921இல் வறுமையில் மறைந்த அக்கவிஞரின் படைப்புகளுக்கான உரிமை பின்னர் விற்பனைப் பொருளாயிற்று. நூல் வெளியிடும் உரிமை ஓரிடத்திலும், பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மற்றோரிடத்திலும் சேர்ந்தன. ஒலிப்பதிவுரிமை ஒரு வணிக நிறுவனத்தைக் கடந்து ஏ.வி.மெய்யப்பனிடம் வந்தது. 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாளின் குரலில் பாரதியின் பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. நூலறியாத இல்லங்களிலும் பாரதியைச் சேர்த்தது அப்படமே என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயின் அதே உரிமை மறுபுறம் தடையாகவும் நின்றது. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது, உரிமை தமதென்று மெய்யப்பன் தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. விடுதலையைப் பாடிய கவிஞன் சொல்லுக்கு விடுதலை இல்லையா என்று எழுத்தாளர்கள் கொதித்தனர். வ.ரா., நாரண துரைக்கண்ணன், டி.கே.சண்முகம் முதலியோர் இயக்கமாகத் திரண்டனர். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவை உரிமைகளை அரசுடைமையாக்கிற்று. மெய்யப்பன் தம்மிடமிருந்த ஒலிப்பதிவுரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். பின்னர் அரசு அவ்வுரிமையைப் பொதுமக்களுக்கே அளித்தது. ஒரு கவிஞனின் படைப்பு முழுவதையும் அரசு வாங்கிப் பொதுவாக்கிய அருஞ்செயல் இது. அதனைத் தூண்டியது ஒரு திரைப்படத் தகராறு என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

ஸ்டுடியோவின் சாய்வும் சின்னத்திரையின் எழுச்சியும்

1960களுக்குப் பின் ஸ்டுடியோக்கள் தளர்ந்தன. நட்சத்திரங்களின் ஊதியம் உயர்ந்தது. வட்டிக்குப் பணம் தருவோரும் முன்பணம் தரும் விநியோகஸ்தரும் படத்தின் போக்கை நிர்ணயித்தனர். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படப்பிடிப்பைத் தளத்திலிருந்து கிராமத்திற்குக் கொண்டுசென்றபோது, ஸ்டுடியோவின் மதில் அழகியல் காரணத்தாலும் தேவையற்றதாயிற்று. இன்று ஜெமினி என்பது சென்னைவாசிகளுக்கு ஒரு மேம்பாலத்தின் பெயர்.

1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிதோறும் ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறுதோறும் ஒரு படம் என அரசுத் தொலைக்காட்சி சினிமாவை அளந்தே கொடுத்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் அளவு மறைந்தது. நாள் முழுதும் ஓடும் அலைவரிசைக்குப் படமும் பாட்டும் நகைச்சுவைத் துணுக்கும் இடையறாத தீனியாயின. பழைய தயாரிப்பாளர் பலர், ஓடி முடிந்த படத்திற்கு இனி என்ன மதிப்பு என்றெண்ணி, சிறு தொகைக்கு உரிமையை எழுதிக்கொடுத்தனர். அப்படங்களே பின்னாளில் அலைவரிசைகளின் அழியாச் செல்வமாயின. புதிய படங்களுக்கோ ஒளிபரப்புரிமை முதலீட்டின் பெரும்பகுதியைத் தரும் ஊற்றாயிற்று. பெரிய நடிகர் இல்லாத படம் அலைவரிசைக்கு விலைபோகாது. விலைபோகாத படத்திற்குக் கடன் கிடைக்காது. இவ்வாறு திரையரங்கிற்குள் நுழையுமுன்பே படங்கள் வடிகட்டப்பட்டன.

2008இல் ‘காதலில் விழுந்தேன்’ படத்தை வெளியிட்டதன் மூலம் சன் குழுமம் திரைப்படத் துறைக்குள் நேரே இறங்கியது. 2010இல் ‘எந்திரன்’ படத்தைத் தயாரித்தது. தன் படத்தைத் தன் அலைவரிசையில் இடைவிடாது விளம்பரம் செய்யும் வலிமை வேறு எந்தத் தயாரிப்பாளருக்கும் இல்லை. வாசன் ஒரு வார இதழைக் கொண்டு செய்ததன் விரிந்த வடிவம் இது. ஆயின் வேறுபாடொன்றுண்டு. வாசனுக்குப் போட்டியாகச் சேலத்திலும் கோவையிலும் காரைக்குடியிலும் முதலாளிகள் இருந்தனர்.

டிஜிட்டல் அளித்ததும் எடுத்ததும்

டிஜிட்டல் நுட்பம் தமிழ்த் திரைக்குள் முதலில் தொகுப்பு மேசை வழியாகவே நுழைந்தது. இந்தியாவில் கணினி வழித் தொகுப்பை முதலில் பயன்படுத்திய படங்களுள் 1994இல் வந்த ‘மகாநதி’ ஒன்று. 2005இல் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ டிஜிட்டல் கேமராவால் எடுக்கப்பட்டது. அதே ஆண்டளவில் சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் முறை அரங்குகளுக்கு வந்தது.

இதன் நன்மை பெரிது. சுருளுக்குப் பிரதி எடுப்பது செலவு மிக்க செயல். ஆகவே படம் முதலில் பெருநகரில் ஓடி, தேய்ந்த பிரதியாய்ச் சிற்றூரை அடையப் பல மாதமாகும். சிற்றூர்ப் பார்வையாளன் கீறலும் வெட்டுமாகவே படங்களைக் கண்டான். டிஜிட்டல் முறை வந்தபின் சென்னையில் வெளியாகும் அதே நாளில் அதே தெளிவோடு அவன் ஊரிலும் படம் வெளியாயிற்று. படச்சுருள் வாங்க வழியற்ற இளைஞர்கள் குறும்படம் எடுத்துப் பழகினர். அவர்களுள் சிலர் இயக்குநராயினர். ஆண்டுக்கு இருநூற்றை ஒட்டிய தமிழ்ப் படங்கள் வெளிவரும் நிலை பிறந்தது.

ஆயினும் சுருள் கையில் பிடிக்கத்தக்க பொருள். அதை வாங்கியவன் ஓட்டலாம். டிஜிட்டல் படமோ பூட்டிய கோப்பு. இன்ன அரங்கில், இன்ன நாள்முதல் இன்ன நாள்வரை என்று திறவுகோல் வந்தாலன்றி அது திறவாது. அத்திறவுகோல் சேவை நிறுவனங்களிடம் சென்று சேர்ந்தது. கருவியை அரங்கில் நிறுவிய செலவை ஈடுகட்டத் தயாரிப்பாளரிடம் ஒவ்வொரு படத்திற்கும் கட்டணம் வாங்கப்பட்டது. கருவியின் விலை தீர்ந்தபின்னும் ஏன் செலுத்த வேண்டும் என்பதே 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஐம்பது நாள் புதுப்படங்கள் வெளிவராது நின்ற போராட்டத்தின் மையக் கேள்விகளுள் ஒன்று. எல்லா அரங்கிலும் ஒரே நாளில் வெளியாகும் வசதி பெரும்படத்திற்கே பெரிதும் பயன்பட்டது. சிறுபடத்திற்கு வெள்ளிக்கிழமை காட்சி கிடைத்தாலும் அடுத்த வெள்ளிவரை அது நீடிப்பதில்லை. வாய்மொழியால் மெல்லப் பரவி நூறு நாள் கண்ட படங்களின் காலம் முடிந்தது.

இணையத்தின் வாயில்

2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை அரங்கோடு வீட்டுத் தொலைக்காட்சியிலும் நேரே காட்டக் கமல்ஹாசன் முயன்றார். அரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏழே ஆண்டில் பெருந்தொற்று அவ்வெதிர்ப்பை வலுவிழக்கச் செய்தது. 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ அமேசான் தளத்தில் நேரடியாக வெளியாயிற்று; நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அவ்வழியே வந்தது.

இன்று தமிழ்ப் படத்தின் தலைவிதியை எழுதும் மேசைகளுள் சில தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ளன. விஜய் தொலைக்காட்சியின் கதை இதற்குச் சான்று. 2001இல் அது ஸ்டார் குழுமத்திடம் சென்றது. 2019இல் ஸ்டாரோடு டிஸ்னியிடம் சேர்ந்தது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலும் ரிலையன்ஸின் ஊடகத் தொழிலும் இணைந்தபோது அப்பெருங்குழுமத்தின் ஒரு கிளையாயிற்று. ‘காளிதாஸ்’ பம்பாய்க்கு இரயிலேறிய நிலைக்கு வேறொரு வழியில் திரும்பியிருக்கிறோம்.

கவிஞனுக்கு எஞ்சியது

இவ்வளவு மாற்றங்களுக்கிடையே பாட்டெழுதியவனுக்கு எது எஞ்சியது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு 1977இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்தின்படி, தயாரிப்பாளர் கூலி கொடுத்து எழுதுவித்த பாடலின் முதல் உரிமையாளர் அவரே. வேறு ஒப்பந்தமிருந்தால் மட்டுமே கவிஞருக்குப் பங்கு. அவ்வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கலைஞரின் நிலைக்கு இரங்கித் தனிக்குறிப்பொன்று சேர்த்தார். சட்டம் மாற முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலாக, பிற வழிகளில் பாடல் பயன்படும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்கை அவர்கள் பிறருக்கு எழுதிக்கொடுக்கவே இயலாது. அது வாரிசுகளுக்கும் பதிப்புரிமைச் சங்கத்திற்குமே செல்லும். வறுமையால் கையெழுத்திடுபவனை அவன் கையெழுத்திலிருந்தே காக்கும் ஏற்பாடு இது. நம் உறுப்பினருள் பாட்டெழுதுவோர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் இன்னும் எட்டாத இடமும் உண்டு. 2024இல் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர் இருவரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்கப்பட்டன. குடும்பத்தாரின் இசைவும் ஊதியமும் பெற்றே அது நடந்தது. 2025 ஆகஸ்டில் நேர்ந்தது வேறு. 2013இல் இந்தியில் எடுக்கப்பட்ட படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, நாயகன் இறக்கும் முடிவு நுண்ணறிவுக் கருவியால் மாற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. இயக்குநரும் நடிகர் தனுஷும் கண்டித்தனர். உரிமை பெற்ற நிறுவனமோ தன் பொருளைத் திருத்தத் தனக்கு உரிமையுண்டு என்ற நிலையில் நின்றது. முடிவை மாற்றலாமெனில் பாட்டின் ஓரடியை மாற்றுவதற்கும் தடையேது?

அதே நுட்பம் காப்பாற்றவும் வல்லது. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு அரங்குகளை நிறைத்தது. ஓர் இளந்தலைமுறை சிவாஜியைப் பெருந்திரையில் முதன்முறை கண்டது. ‘கீசக வத’மும் ‘காளிதா’ஸும் அத்தகைய நற்பேறு பெறவில்லை. அவற்றின் சுருள்கள் இன்று எங்கும் இல்லை. காக்க வேண்டியது எது, காக்க வேண்டாதது எது என்பதும் உடைமையாளரின் கணக்கைப் பொறுத்ததாகவே உள்ளது.

1949இல் எழுத்தாளர்கள் திரண்டதால் பாரதி பொதுவானார். அன்று அவர்கள் எதிரே நின்றவர் முகம் தெரிந்த ஒரு தமிழர், கேட்டபோது கொடுத்தார். இன்று எதிரே நிற்பது முகமற்ற ஒப்பந்தம். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதும், வேண்டாத வரியை அடிக்கச் சொல்வதும், ஒருவர் தனியே சொல்ல அஞ்சுவதைப் பலர் கூடிச் சொல்வதும் இனிக் கவிஞனின் கடமைகளுள் சேரும். நம் வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் யாப்பையும் அணியையும் போலவே இதனையும் பயிற்றுவிக்குமாயின், அது தமிழுக்குச் செய்த நற்பணியாகவே அமையும்.