காதா, கற்குவியலா?

நான் தினமும் தாண்டிப் போற ரோயல் ஒன்ராறியோ மியூசியத்தில ஒரு கல்வௌவால் இருக்கு. பேர் ஒனிக்கோநிக்டெரிஸ், ஊர் வயோமிங், வயசு சுமார் 5.2 கோடி வருசம்.

2008இல் நான்சி சிம்மன்ஸ் குழு சொன்னது: உட்காதின் நத்தைச்சுருள் சின்னன். ஆகவே பறந்திருக்கு, எதிரொலி கேட்டு வழி பிடிக்கேல்லை. பறப்புத்தான் முதல்!

2010இல் நினா வெசெல்கா, புரொக் ஃபென்ரன் ஆக்கள் மறிச்சினம். குரல்வளையால ஒலியெழுப்புற வௌவால்களில ஒரு தொண்டையெலும்பு செவிப்பறை எலும்பைத் தொடுமாம், இதிலயும் தொடுதாம். அதே வருசம் சிம்மன்ஸ் திருப்பிக் கேட்டா: எலும்பெல்லாம் நசுங்கிக் கிடக்கு, எப்பிடித் தெரியும்?

நான் சிம்மன்ஸ் கட்சி. பாறைக்குள்ள அத்தனை காலம் அமுங்கினால் எந்த எலும்பும் பக்கத்து எலும்பைத் தொடும்தானே? மாற்றுக்கருத்துக்காரர் பின்னூட்டத்துக்கு வாங்கோ.