பால்டிமோரின் வழக்கு நாட்குறிப்பு

அமெரிக்கத் தொலைக்காட்சியில் குற்றப் புலனாய்வு நாடகம் வேரூன்றிய நாளிலிருந்தே காவல்துறைக்கும் அந்நாடகத்தை எழுதியவர்களுக்கும் நெருங்கிய உறவு இருந்துவந்தது என்றாலும், அவ்வுறவில் யார் யாருக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1949இல் வானொலியிலும் 1951இன் இறுதியில் தொலைக்காட்சியிலும் தொடங்கிய ‘டிராக்நெட்’ தொடருக்கு லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை தன் வழக்குகளைக் கதைகளாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அதற்கு ஈடாக, எழுதப்பட்ட வசனம் துறையின் பார்வைக்குச் சென்று ஒப்புதல் பெற்ற பிறகே படப்பிடிப்புக்கு வந்தது. அதே துறையில் 1960இல் சேர்ந்து துப்பறியும் சார்ஜன்ட் பதவிவரை உயர்ந்த ஜோசப் வாம்பா, பணியில் இருந்துகொண்டே 1971இல் தம் முதல் நாவலை வெளியிட்டு, 1973இல் ‘போலீஸ் ஸ்டோரி’ என்னும் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். புகழே வேலைக்கு இடையூறாகிவிட்ட நிலையில் மறுஆண்டு அவர் பதவி விலகினார். காவலரின் மனச்சோர்வையும் குடிப்பழக்கத்தையும் குடும்ப முறிவையும் கூச்சமின்றிக் காட்டியது வாம்பாவின் பெரும் சாதனை. ஆயினும் ஒரு வாரம், ஒரு மணி நேரம், ஒரு கதை என்ற வார்ப்பை அவரும் உடைக்கவில்லை. அதை உடைத்தவர்களில் முதன்மையானவர், மேரிலாந்து மாநிலத்தின் துறைமுக நகரான பால்டிமோரில் இருபது ஆண்டுகள் காவல் பணியாற்றிய எட் பர்ன்ஸ்.

வியட்நாம் போரில் போர்வீரராக இருந்து திரும்பிய பர்ன்ஸ், பால்டிமோர் காவல்துறையில் சேர்ந்து கொலைவழக்குப் பிரிவின் துப்பறிவாளரானார். அப்பிரிவின் அலுவலகத்தில் ஒரு பலகை இருந்தது. துப்புத் துலங்காத கொலைகளில் இறந்தவரின் பெயர் சிவப்பு மையிலும், துலங்கியவற்றில் கறுப்பு மையிலும் அதில் எழுதப்படும். ஒருவரைக் கைதுசெய்து குற்றஞ்சாட்டிவிட்டாலே வழக்கு ‘தீர்ந்தது’ என்று கணக்கில் சேர்ந்துவிடும். நீதிமன்றத்தில் அது நின்றதா விழுந்ததா என்பது அக்கணக்கில் வராது. சிவப்பைக் கறுப்பாக்கும் வேகத்தையே திறமையாக அளக்கும் இந்த ஏற்பாட்டில், ஒரு கொலையின் பின்னால் இருக்கும் கும்பலை மாதக்கணக்கில் தொடர்ந்து அதன் வேர்வரை செல்ல விரும்பும் அதிகாரி மேலிடத்துக்குச் சுமையாகவே தெரிவார். பர்ன்ஸ் அப்படிப்பட்டவர். தெருமுனையில் நின்று போதைப்பொருள் விற்கும் சிறுவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதால் எதுவும் மாறாது, மறுநாளே வேறொரு சிறுவன் அங்கு வந்து நிற்பான் என்பதை அவர் தம் பணியிலேயே கண்டிருந்தார்.

நகரின் ஹெராயின் வணிகத்தில் பெரும்புள்ளியாக இருந்த மெல்வின் வில்லியம்ஸ் மீதான விசாரணையில் பர்ன்ஸும் அவருடைய சக துப்பறிவாளர் ஹாரி எட்ஜர்டனும் கையாண்ட முக்கியக் கருவி தொலைபேசி ஒட்டுக்கேட்பு. இந்தக் கருவியின் சட்ட அமைப்பைச் சற்று விரிவாகப் புரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் பர்ன்ஸ் பின்னாளில் எழுதிய நாடகத்தின் வடிவமே அதிலிருந்து பிறந்தது. 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, நீதிபதியின் ஆணையின்றிக் காவலர் பொதுவாக உரையாடலை ஒட்டுக்கேட்க முடியாது. அந்த ஆணையைப் பெற, பின்தொடர்தல், ஆளனுப்பிச் சரக்கு வாங்குதல், தகவலாளிகளை விசாரித்தல் போன்ற வழக்கமான வழிகளெல்லாம் முயன்று தோற்றுவிட்டன அல்லது பயன்தர வாய்ப்பில்லை என்று உறுதிமொழிப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். கிடைக்கும் அனுமதியும் முப்பது நாளுக்கு மேல் செல்லாது. வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சு என்று தெரிந்தால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். ஆகவே ஒட்டுக்கேட்பு என்பது பெரும்பாலும் எழுத்து வேலையும் காத்திருப்பும் கலந்த தொழில். 1984இன் இறுதியில் வில்லியம்ஸ் கைதாகி நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்.

அவ்வழக்கைப் பற்றி 1987இல் ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் தொடர் கட்டுரை எழுதிய இளம் செய்தியாளர் டேவிட் சைமன், அதன் வாயிலாகப் பர்ன்ஸுக்குப் பழக்கமானார். சைமன் 1988ஆம் ஆண்டு முழுவதையும் கொலைவழக்குப் பிரிவுடன் கழித்து எழுதிய நூல் 1991இல் வெளிவந்து தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. பர்ன்ஸ் ஓய்வுபெற்ற பின் இருவரும் சேர்ந்து, மேற்கு பால்டிமோரில் ஃபாயெட், மன்ரோ தெருக்கள் சந்திக்கும் முனையில் 1993ஆம் ஆண்டைச் செலவிட்டு, போதை அடிமைகளும் விற்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் வாழ்வைப் பதிவுசெய்தனர். வாழ்நாளெல்லாம் கைவிலங்குடன் அம்முனைக்குச் சென்றவர், இம்முறை குறிப்பேட்டுடன் மட்டும் சென்று, மனிதர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் வேகத்திலேயே கேட்டார் என்பதில்தான் அவருடைய எழுத்து வாழ்வின் உண்மையான தொடக்கம் இருக்கிறது. 1997இல் ‘தி கார்னர்’ நூலாகவும், 2000இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஆறு பகுதிக் குறுந்தொடராகவும் அது வெளிவந்தது. குறுந்தொடரின் திரைக்கதையைச் சைமனும் டேவிட் மில்ஸும் எழுதினர்.

இதற்கிடையே பர்ன்ஸ் நகரின் அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். ஆகவே, இரண்டாம் தொழிலாக அவர் தொலைக்காட்சிக்கு வந்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழுச் சரியன்று. இடையில் இருந்த கரும்பலகைக் காலம், காவல் பணிக்கு நிகராகவே அவர் எழுத்தை வளர்த்திருக்கிறது.

2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஐந்து பருவங்களாக, அறுபது பகுதிகளாக எச்.பி.ஓ.வில் ஒளிபரப்பான ‘தி வயர்’ தொடரைச் சைமன் உருவாக்கினார். பர்ன்ஸ் அதன் முதன்மைக் கூட்டு எழுத்தாளராகவும் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் விளங்கினார். முதல் பருவம் முழுவதும் ஒரே விசாரணை. அதிலும் கணிசமான பகுதி, ஒட்டுக்கேட்பதற்கான சட்டத் தகுதியை ஈட்டுவதிலேயே செல்கிறது. விசாரிக்கப்படும் போதைப்பொருள் கும்பல் கைப்பேசியைத் தொடாமல் பேஜரையும் தெருவோரக் கட்டணத் தொலைபேசியையும் பயன்படுத்துகிறது. பேஜரில் வரும் எண்களோ மறைகுறிகள். தொலைபேசிப் பொத்தான்களில் ஐந்தை நடுவாக வைத்து எதிர்ப்புறம் தாவினால் ஒன்று ஒன்பதாகும், இரண்டு எட்டாகும். ஐந்தும் பூஜ்யமும் இடம் மாறும். கண்காணிக்கப்படும் ஆள்தான் பேசுகிறான் என்று ஒரு காவலர் கூரைமேலிருந்து கண்ணால் கண்டு சொன்ன பிறகே கீழே ஒலிப்பதிவு தொடங்க முடியும். வேறொரு தொடரில் அரை நிமிடத்தில் கடந்துபோகும் இத்தகைய நடைமுறைகளை மணிக்கணக்கில் பார்க்கவைத்தது துணிச்சலான முடிவு. விசாரணை மெல்ல நகர்வதால், கண்காணிக்கப்படுபவரின் வீடும் தாயும் பசியும் அச்சமும் பார்வையாளருக்குத் தெரியவருகின்றன. நாளெல்லாம் ஒருவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் காவலருக்கு அவரை வெறும் குற்றவாளியாக மட்டும் எண்ணுவது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் பார்ப்பவருக்கும் ஏற்படுகிறது.

இரண்டாம் பருவம் துறைமுகத் தொழிலாளர்களிடமும் மூன்றாம் பருவம் நகர அரசியலிடமும் செல்ல, 2006இல் வந்த நான்காம் பருவம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறது. பர்ன்ஸின் கை மிக ஆழமாகப் பதிந்திருப்பது இங்குதான். முதல் பருவத்தில் பேஜர் மறைகுறியை அவிழ்த்த பிரெஸ் என்னும் காவலர், துறையை விட்டு விலகிக் கணித ஆசிரியராக வருகிறார். பர்ன்ஸின் வாழ்க்கைத் தடம் அப்பாத்திரத்தில் தெளிவாகத் தெரிகிறது. அரசுத் தேர்வு நெருங்கியதும், பாடத்தை நிறுத்திவிட்டு வினாக்களுக்கு விடை பழக்குமாறு ஆசிரியர்களுக்கு ஆணை வருகிறது. குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் காவல் அதிகாரியும் மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டும் கல்வி அதிகாரியும் செய்வது ஒன்றே என்பதை இரண்டு அறைகளிலும் அமர்ந்திருந்த ஒருவரால்தான் இவ்வளவு உறுதியாக எழுத முடியும். மையப் பாத்திரங்களான நான்கு சிறுவர்களில் மூவர் கண்ணெதிரே நழுவிப்போகும் அப்பருவம், அமெரிக்கத் தொலைக்காட்சி கல்வியைப் பற்றிச் சொன்னவற்றுள் தலையாயது எனலாம். பெண்களின் உலகம் இத்தொடரில் மெலிந்தே இருக்கிறது என்பதையும் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். விற்பனை முனையில் மகனை நிறுத்தும் தாயும், மகனை இழந்த தாயும் நாவல் அளவு இடத்துக்கு உரியவர்கள்.

ஒளிபரப்பான காலத்தில் தொடரின் பார்வையாளர் தொகை சிறியதாகவே இருந்தது. எம்மி விருதுக்கு இருமுறை எழுத்துப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2003இல் விடுதலையான மெல்வின் வில்லியம்ஸோ, தம்மைக் கைதுசெய்தவர் எழுதும் இத்தொடரிலேயே, தெருப்பிள்ளைகளுக்கு நல்வழி காட்டும் தேவாலய ஊழியராக நடித்தார்.

2008இல் ஈராக் போரில் அமெரிக்க மரைன் படை வீரர்களைப் பற்றிய ‘ஜெனரேஷன் கில்’ குறுந்தொடரையும், 2020இல் ‘தி பிளாட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா’வையும் சைமனுடன் இணைந்து உருவாக்கிய பர்ன்ஸ், 2022இல் ‘வீ ஓன் திஸ் சிட்டி’ வழியாகப் பால்டிமோர் காவல்துறைக்கே திரும்பினார். துப்பாக்கிகளைக் கைப்பற்றுவதற்கென்று அமைக்கப்பட்ட தனிப்பிரிவின் காவலர்கள், குடிமக்களிடம் கொள்ளையடித்ததற்காகவும் பொய்யான கூடுதல் நேரக் கணக்குக் காட்டி ஊதியம் பெற்றதற்காகவும் 2017 மார்ச் மாதம் கைதான வழக்கே அதன் பொருள். கைப்பற்றிய துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்காக அப்பிரிவை அதுவரை மேலதிகாரிகள் பாராட்டிவந்தனர்.