பொன்மணியும் யாழ்தேவியும்

திங்கள் காலையில கிளிநொச்சியில ரயில் ஏறி யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போற எங்களுக்கு, தர்மசேன பத்திராஜ என்ற பெயர் கனகாலமாத் தெரியாது. சிங்களப் படக்காரர், எங்களுக்கென்ன என்ற நினைப்பு. அந்த மனுசன் எழுபதுகளில் எங்கட கம்பஸிலேயே படிப்பித்தவர் என்று அறிந்தபோது கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

'அஹஸ் கவ்வ' (1974) படத்தோடு சிங்கள சினிமாவில் புதுத் தடம் போட்டவர் அவர். பிறகு யாழ்ப்பாணத்தில் வைத்து 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். கதைவசனம் காவலூர் இராசதுரை. எழுத்தாளர் நந்தி, சித்திரலேகா மௌனகுரு போன்றவர்கள் நடித்தார்கள். சீதனத்தால் கலியாணம் தள்ளிப்போகிற அக்கா, சாதி மாறிக் காதலிக்கிற தங்கச்சி. சென்னைப் படங்களில் ஊறிய எங்கட சனம் அதைப் பெரிசா எடுக்கவில்லை, படம் ஓடவில்லை. மெதுவான படம் என்று காரணம் சொல்லுவினம். சாதியைத் தொட்டதும் ஒரு காரணம் என்றுதான் நாங்கள் நினைக்கிறம்.

அது படச்சுருள் காலம். ஒரு செக்கனுக்கு 24 சட்டகம்; 35 மில்லிமீற்றரில் 1,000 அடிச் சுருள் ஓடி முடிய 11 நிமிசம். கழுவி எடுத்தால்தான் என்ன விழுந்திருக்கு என்று தெரியும். போனில பத்துத்தரம் எடுத்து ஒன்பதை அழிக்கிற எங்களுக்கு இது விளங்கக் கஷ்டம். சுருள் எரிந்தால் படமும் போச்சு. 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவை ஹெந்தளையில் எரித்தபோது அப்படித்தான் நடந்தது.

2006இல் பத்திராஜ திரும்பவும் வடக்கைப் பற்றி எடுத்தார். 'இன் சேர்ச் ஒஃப் எ ரோட்' என்ற ஆவணப்படம். வடக்கு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போரின் கதையைச் சொன்னது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கி 1990இல் நின்றது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி எல்லாம் தண்டவாளமே இல்லாமல் கிடந்த காலம் அது. 2013 செப்ரெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருசம் யாழ்ப்பாணத்துக்கு. அவர் 2018 சனவரியில் காலமானார்.

'பொன்மணி'யை நாங்கள் ஆறு பேர் ஒரு மடிக்கணினியில்தான் பாத்தம். படம் மங்கல், சத்தம் கரகரப்பு. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு எங்களில ஒருத்தி மெதுவாச் சொன்னாள்: "எங்கட பெரியக்காவுக்கு இப்பவும் இதுதானே நடக்குது."